ஹாலை நிறைத்த சக்கரப் பலகைகள்

என் வீட்டுக்காரர் எந்தப் பொருளையும் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பார். வளைகுடாவில், முசஃபாவில் எங்கள் கடையில் டிராலிப் பெட்டி, கம்பளி, சென்ட் எல்லாம் விற்போம். தொழிலாளர் கேம்பிலிருந்து லீவுக்கு ஊர் போகிறவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள். பெட்டி வாங்க வருகிறவர் பூட்டைப் பார்க்க மாட்டார், துணியைப் பார்க்க மாட்டார். தலைகீழாகப் புரட்டிச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். அது நிற்காமல் சுற்றினால் நல்ல பெட்டி. இத்தனை வருஷம் அதையே பார்த்துப் பார்த்து இவருக்கும் அந்தப் புத்தியே வந்துவிட்டது. அந்தப் புத்திதான் எங்களைக் குழியில் தள்ளியது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். இல்லை என்று அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

ஜெபல் அலி துறைமுகத்தில், யாரும் வந்து எடுக்காமல் கிடக்கிற சரக்கை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். லாட் என்று பெயர். பிரித்துப் பொறுக்க முடியாது. வாசலோரம் இருக்கிற ஒரே ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காட்டுவார்கள். பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் அடுத்தவனுக்கு வழி விடு. எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு லாட் எடுப்பது ஒரு வீரம். லாட் எடுத்து மேலே வந்தவன் கதையை ரூம் ரூமாகப் பேசுவார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவனைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

அன்றைக்கு அங்கிருந்தே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"புள்ள, சக்கரத்தத் தட்டுனேன், நிக்கவே மாட்டேங்குது! காத்தடிச்ச டயரு. ட்யூபு, பேரிங்கு எல்லாம் ஒரிஜினல்."

"எதோட சக்கரம் மச்சான்?"

"ஸ்கேட்டிங் போர்டு. ரோட்டுல ஓட்டுறது இல்ல. காடு மலையில ஓட்டுறது."

"முசஃபாவுல எங்க இருக்கு காடு?"

"கலாஸ், முடிஞ்சுபோச்சு. எடுத்தாச்சு" என்றார்.

எங்கள் கடற்கரை ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். வருவார் என்பதைவிட லீவில் வந்து போவார் என்பதே சரி. என் உம்மா அப்படித்தான் வாழ்ந்தார். என் லாத்தாக்கள், அக்காமார் இரண்டு பேரும் அப்படித்தான் வாழ்கிறார்கள். எனக்கு அது ஆகவில்லை. மூத்தவள் பிறந்து, வாப்பாவைப் பார்த்ததும் அந்நிய ஆள் என்று வீறிட்டு அழுதாளே, அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனிமேல் உங்களோடுதான் இருப்பேன், இல்லையென்றால் நீங்கள் என்னோடு இருங்கள் என்று. அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து விசா வாங்கினேன். கடைக்கு அடுத்த தெருவில் ஒரு ஃப்ளாட். இரண்டாமவள் அங்கேதான் தவழ்ந்தாள். வாப்பா சாயங்காலம் தொழுதுவிட்டு வீட்டுக்கு வருவது என் பிள்ளைகளுக்குச் சாதாரண விஷயம். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயம்.

கடை இவருடையது மட்டும் இல்லை. பெரிய மச்சானும், அதாவது இவர் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணனும், இவரும் சேர்ந்து நடத்துகிற கடை. லைசென்ஸ், கபீல் என்கிற அரபி ஸ்பான்சர், பேங்க் எல்லாம் அவர் கையில். நல்ல மனிதர்தான். பெருநாளைக்கு என் பிள்ளைகளுக்குத்தான் முதலில் உடுப்பு எடுப்பார். ஆனால் வியாபாரம் என்று வந்தால் அவர் கண்ணுக்குக் குடும்பமும் ஒரு செலவுதான். அவருடைய மனைவியை, எங்கள் மதினியை, ஒரே ஒரு தடவை விசிட் விசாவில் கூட்டி வந்து கடலைக் காட்டி அனுப்பியவர். கடல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

லாட் வந்து இறங்கியது. கடையில் இடம் இல்லை. கோடவுனை அதற்கு முன்பே செலவு மிச்சம் என்று காலி செய்திருந்தார்கள். அதனால் அட்டைப்பெட்டிகள் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தன. ஹாலில் மூன்று பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கினார்கள். சோபாவைத் தூக்கி வெளியே போட்டோம். பிள்ளைகளுக்கு முதலில் கொண்டாட்டம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடினார்கள். ரப்பர் வாடை சோற்றில் ஏறியது. ஏசி காற்று ஹாலைத் தாண்டி ரூமுக்கு வரவில்லை.

பெரிய மச்சான் வந்து பார்த்தார். ஒரு பெட்டியைத் திறந்தார். மறு பெட்டியைத் திறந்தார். இரண்டும் ஒன்று போல் இல்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே இவரிடம் சொன்னார்:

"ஸ்கூல் லீவு விடுற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இது போகலைன்னா, புள்ளைங்களை ஊருக்கு அனுப்பிரு. ஃப்ளாட்ட விட்டுட்டு நீ கடைப் பசங்களோட ரூம்ல இரு. வேற வழி இல்லடா தம்பி."

இவர் தலையை ஆட்டினார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கேட்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

முதலில் விற்றது ஓர் அரபி வீட்டுக்கு. அவர்களுடைய டிரைவர், ஒரு பட்டாணியர், கடையில் பெட்டி வாங்க வந்தவர், கண்ணாடியில் வைத்திருந்த போர்டைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு என்று மூன்று எடுத்தார்கள். இவர் அன்றைக்கு வரும்போதே பிரியாணி வாங்கி வந்தார். நானும் மடத்தனமாகச் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாளில் அதே டிரைவர் மூன்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சக்கரத்துக்குள் எல்லாம் மணல்.

"பாய், ரேத் மே மாஃபி. பில்குல் மாஃபி" என்று கையை விரித்தார். மணலில் போகவே போகாது.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் மணல் மேட்டில் ஏறி நின்றிருக்கிறார்கள். போர்டு அப்படியே புதைந்து நின்றிருக்கிறது. நம் ஆள்தான் கடை டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடித்து வைத்திருந்தாரே! பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்தேன். போனில் வீடியோ வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழற்றினேன். அப்போதுதான் விளங்கியது, இவர் ஒரு சரக்கு வாங்கவில்லை, நாலு சரக்கு வாங்கியிருக்கிறார் என்று.

பார்வைக்கு எல்லாம் ஒரே சாதிதான். வளைந்த நீளப் பலகை, இரண்டு நுனியும் மேலே தூக்கியிருக்கும், கால் மாட்ட வார், நாலு காற்றடித்த டயர். வித்தியாசம் அத்தனையும் கவிழ்த்துப் போட்டால்தான் தெரியும். அதுவும் சக்கரத்தில் இல்லை, சக்கரத்தையும் பலகையையும் சேர்க்கிற அச்சில். நம் ஆள் கவிழ்த்துப் பார்த்தும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்திருக்கிறார். இந்தப் போர்டுக்கு ஸ்டியரிங் கிடையாது. நிற்கிறவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பும். அந்தச் சாய்வை வாங்கித் திருப்பிவிடுகிற வேலை அச்சுக்கு. ஒரு வகையில் அச்சுக்கு அச்சு இரண்டு பக்கமும் தடித்த ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் கட்டை. குதித்தாலும் குலுங்காது, வேகத்தில் ஆடாது, ஆனால் தூக்கினால் கை கழன்று விழும். இன்னொரு வகையில் ஸ்பிரிங்கே இல்லை. நடுவில் ஒரு தண்டு, அதில் வெறும் ரப்பர் வளையம், புஷ் என்பார்கள். லேசு, சட்டென்று திரும்பும், ஆனால் வேகம் எடுத்தால் வெடவெடவென்று உதறும். மூன்றாவது, ஸ்பிரிங் வைத்ததோடு பின் சக்கரத்துக்குப் பிரேக்கும் உள்ளது. சைக்கிள் மாதிரி நீளக் கேபிள், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பிடி.

நாலாவதுதான் அவர் வாசலில் பார்த்து மயங்கிய மகாராணி. மோட்டார் வைத்தது. சக்கரத்தைப் பல் வைத்த பெல்ட் சுற்றும். அடியில் பேட்டரிக்கு என்று அழகான கறுப்புப் பெட்டி. திறந்தால் உள்ளே காற்று. மோட்டார் வைத்த ஒரு போர்டிலும் பேட்டரி இல்லை. அந்த மாதிரி பேட்டரியைச் சரக்கோடு சரக்காக அனுப்ப விடமாட்டார்களாம், தனியாக வர வேண்டுமாம். வரவே இல்லை. சாயங்காலம் இவர் வந்ததும் வெறும் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இதைத் தொறந்து பாத்தீங்களா மச்சான்?"

"சக்கரம் நல்லா சுத்துச்சு புள்ள" என்றார். அழுவதா சிரிப்பதா எனக்குத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், போர்டுகளை வகைக்கு ஒன்றாகக் காரில் ஏற்றி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அல் ஐன் ரோட்டில் போனோம். நான்தான் பிடிவாதமாக இழுத்துப் போனேன். முதல் மணல் மேட்டில் அபாயாவை இடுப்பில் செருகிக்கொண்டு நான் ஏறி நின்றேன். ஸ்பிரிங் போர்டு ஒரு சாண் போய் மூக்கைக் குத்தியது. நான் முகம் குப்புற விழுந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி. இந்த ஊரில் மணலில் இறங்கும் வண்டிக்கெல்லாம் காற்றைக் குறைப்பார்களே, அந்த ஞாபகம் வந்து டயரில் காற்றைப் பிடுங்கினேன். டயர் சப்பையாகி மணலைப் பரவிப் பிடித்தது. கொஞ்சம் கூடப் போனது. அப்புறம் நின்றது. மற்றதும் அப்படித்தான். மெத்து மணலில் எதுவுமே ஓடாது. எந்த அச்சாக இருந்தாலும் சரி, எந்த மகாராணியாக இருந்தாலும் சரி. வாயெல்லாம் மணலோடு அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் காரில் சாய்ந்து நின்றார். "விடு புள்ள. காக்கா சொல்றது சரிதான். நீங்க கிளம்புங்க. ஒரு வருசம் ஊர்ல இருங்க. நான் காசப் பொரட்டிப் போட்டு மறுபடி கூப்பிட்டுக்கிறேன்."

"என்னைப் பெட்டின்னு நெனச்சீங்களா, பொரட்டிப் போட?" என்று கத்தினேன். சின்னவள் பயந்து காருக்குள் ஏறிக்கொண்டாள். "ஒரு வருசம் போவும், அப்புறம் இன்னொரு வருசம்பீங்க. எங்க வாப்பா சொன்ன அதே ஒரு வருசம். நான் சாவுற வரைக்கும் சாயங்காலத்துல தனியா உக்காந்து சோறு திங்கணுமா? புள்ளைங்க போன்ல வாப்பாவப் பாத்துக் கை ஆட்டணுமா? மாட்டேன். நான் மாட்டேன்." இப்படியெல்லாம் அவரிடம் நான் கத்தினது அதுவரைக்கும் இல்லை. அவர் போர்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி மணலை உதறி உள்ளே ஏற்றினார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

திரும்பி வரும் வழியில், மணல் மேடுகள் முடிந்து பொடிக்கல் தரை வருகிற இடத்தில், "நிறுத்துங்க" என்றேன். எதற்கு என்று கேட்டார். "நிறுத்துங்கன்னா நிறுத்துங்க." ரோட்டோரம் மேட்டிலிருந்து தரை மெல்லச் சரிந்து போயிற்று. முதலில் ஸ்பிரிங் போர்டு. காலை வாரில் மாட்டி, மூச்சைப் பிடித்து, சாய்ந்தேன். போனது! கல்லைத் தின்றுகொண்டு, கடகடவென்று, என் அடிவயிறு வரைக்கும் அதிரப் போனது. வலப்பக்கம் சாய்ந்தேன், வலப்பக்கம் திரும்பியது. "உம்மா போறாங்க! உம்மா போறாங்க!" என்று மூத்தவள் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். நிறுத்தத் தெரியாமல் விழுந்து முழங்கை உரிந்தது. அதே சரிவில் புஷ் வைத்ததை ஓட்டினேன். பாதியிலேயே உதறி என்னைத் தூக்கி எறிந்தது. பிரேக் வைத்ததில் பிடியை அமுக்கி அமுக்கி, நினைத்த இடத்தில் நிறுத்தினேன். ரத்தம் வழிகிற கையோடு நான் சிரித்துக்கொண்டு மேலே ஏறி வந்ததைப் பார்த்து, இவர் முதலில் பயந்தார், பிறகு அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. எந்தப் போர்டுக்கு எந்தத் தரை என்று தேடினேன். கடல் வற்றிக் காய்ந்த உப்புத் தரை இருக்கிறதே, சப்கா என்பார்கள், டைல்ஸ் மாதிரி கெட்டி. அங்கே ராட்சசப் பட்டத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காற்றில் இழுபட்டுப் போகிற வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்து, தேடிப் போனோம். அவர்களுக்குப் பிரேக்கே வேண்டாம், பட்டத்தைத் தளர்த்தினால் நின்றுவிடும். ஸ்பிரிங் கனமும் வேண்டாம். புஷ் வைத்த லேசானதைக் கையில் தூக்கிப் பார்த்த ஓர் அம்மாள், அங்கேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கூட்டாளிகளை எல்லாம் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் சோஹாரிலிருந்து ஒருத்தர் வந்தார், மலைச் சரிவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். பிரேக் வைத்தது மொத்தத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். மகாராணிகளின் மோட்டாரைப் பிடுங்கித் தனியாக விற்றோம், பலகையைத் தனியாக. என் காலும் சக்கரமும் மட்டும் தெரிகிற மாதிரி மூத்தவள் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் வைத்ததை ஷார்ஜாவிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கினார்கள்.

சாயங்காலத்தில் நானே கடையில் நின்றேன். வருகிறவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "எந்த இடத்துல ஓட்டப் போறீங்க?" என்பதுதான். மணல் மேட்டில் என்று சொன்னால், "இது அங்க போகாது, வாங்காதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். இவர் தவித்துப் போவார். "வர்ற கஸ்டமர வெரட்டுறியே புள்ள!" என்பார். ஆனால் திரும்பி வந்த போர்டு ஒன்றுகூட இல்லை. விரட்டப்பட்டவரே வேறு ஆளைக் கூட்டி வந்தார்.

ஹாலில் சுவர் தெரிய ஆரம்பித்தது. முதலில் ஜன்னல் பக்கம், பிறகு டிவிக்குப் பின்னால். ஒவ்வொரு பெட்டி போகும்போதும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சோபா வாங்குவதைப் பற்றி மூத்தவளிடம் பேசினேன். என்ன நிறம் என்று அவளும் சின்னவளும் சண்டை போட்டார்கள். ஸ்கூல் லீவு விடுவதற்கு முன்பே கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அன்றைக்கு ஹாலைத் துடைத்து, வெறும் தரையில் பாய் விரித்து, நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அல்லாஹ் சாட்சியாக அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய மச்சான் இனிப்போடு வந்தார். வாய் நிறையப் பாராட்டினார்.

"நான்கூட நம்பலம்மா. பொம்பளப் புள்ள, நீ சாதிச்சுட்ட."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சரக்கு அடுக்குகிறவன் பார்க்கிற பார்வை அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"தம்பி, இப்போ இதுல பெருசா கை வைக்கணும். இந்தச் சாமான் ஓடும்னு தெரிஞ்சிருச்சு. எந்த மாடல் எங்க போவும்னும் தெரிஞ்சிருச்சு. லாட் வேணாம், நேரா கம்பெனியிலயே எடுப்போம். கோடவுனுக்குத் தனியா எதுக்கு வாடகை? இந்த ஃப்ளாட்டே போதும். ரூம்ல ஒரு பக்கம் நீ படுத்துக்க. புள்ளைங்க ஊர்ல படிக்கட்டும்."

"காக்கா, சரக்குதான் போயிருச்சே" என்றார் இவர்.

"அதான்டா சொல்றேன். போயிருச்சு. போவும்னு தெரிஞ்சிருச்சு. நட்டம்னா செலவக் குறைக்க அனுப்பச் சொன்னேன். இப்போ லாபம், முதல் போட அனுப்பச் சொல்றேன். ஒரு வருசம்தான்."

நான் பேசினேன். அடுப்படி வாசலில் நிற்கவில்லை, நடு ஹாலில் நின்று பேசினேன். விழுந்து எழுந்தது நான், முழங்கை உரிந்தது எனக்கு, இந்த வீட்டில் இருக்கத்தானே எல்லாம் செய்தேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் புள்ளைங்களுக்குத்தானேம்மா எல்லாம்" என்று தன்மையாகச் சொன்னார். இவர் என்னையும் பார்த்தார், காக்காவையும் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் வெறுத்தது அந்த ஒரு நேரம்தான்.

விற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊர் வந்த புதிதில் ஓயாமல் நினைத்தேன். அப்போதும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணி என் வீட்டுக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன் என்று இருந்திருக்காது. ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோன பெட்டிகள் எல்லாம் எங்கள் கடைப் பெட்டிகள். நல்ல சக்கரம் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். சின்னவள் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். லீவுக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தோம்.

அந்த ஒரு வருஷம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. உம்மா கொடுத்த வீட்டில் இருக்கிறோம், பெரிய வீடு, ஹால் காலியாகத்தான் கிடக்கிறது. எப்போது திரும்பிப் போவோம் என்று சின்னவள் இப்போது கேட்பதில்லை. வாப்பா போன் வந்தால், "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுகிறாள். அவர் லீவில் வந்தபோது முதல் நாள் அவர் மடியில் உட்காரக் கூச்சப்பட்டாள். அன்றைக்கு மாடியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வியாபாரம் நன்றாகப் போகிறது. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெல்ட்டுக்குப் பதிலாகப் பல்சக்கரமே வைத்தது, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கையால் திருகிக் கூட்டிக் குறைக்கிறது, மூங்கில் பலகை, என்னென்னவோ. இவருக்கு இன்னும் பிடிபடவில்லை. புதிதாக ஏதாவது வந்தாலோ, கஸ்டமர் குறுக்குக் கேள்வி கேட்டாலோ எனக்கு வீடியோ கால். போர்டைக் கவிழ்த்துக் காட்டுவார். அது அடுக்கியிருக்கிற இடம் எங்கள் ஹால். அடுப்படி வாசலை மறைத்து அட்டைப்பெட்டி ஏறியிருக்கும். நான் அச்சைப் பார்த்துச் சொல்வேன்.

போன வாரமும் கூப்பிட்டார். சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள, ஒரு கஸ்டமர் இருக்காரு. லிவா பக்கம் மணல்ல ஓட்டணுமாம். நெறைய எடுப்பாரு போல. புது மோட்டார் மாடலு மணல்ல போவுமா? பெரிய டயர்தான்." போனைத் திருப்பினார். மோட்டார், பல்சக்கரம், கனத்த பேட்டரி. டயர் பெரிதுதான். ஆனால் அந்தக் கனத்துக்கு மெத்து மணலில் அரை ஆள் ஆழம் தோண்டிக்கொண்டு நிற்கும்.

போகும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. போகும், எல்லாம் எடுத்துக்கச் சொல்லுங்க. எடுப்பார். எல்லாம் திரும்பி வரும். பேர் கெடும். சரக்கு தேங்கும். பெரிய மச்சானுக்கு இந்த வியாபாரமே வெறுத்துப் போகும். பெட்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார், ஹால் காலியாகும், காலியானால் ஒருவேளை, ஒருவேளை. ஒரு வார்த்தைதான். நான் சொன்னால் அவர் மறுவார்த்தை கேட்க மாட்டார். திரையின் ஓரத்தில் அந்தக் கஸ்டமரின் முகம் தெரிந்தது. சின்ன வயசு ஆள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"போவாது" என்றேன். "மணலுக்கு எதுவும் வேணாம்னு சொல்லுங்க. லிவா போற வழியில கெட்டித் தரை இருக்கும், அங்க ஓட்டுறதா இருந்தா ஸ்பிரிங் வச்சத எடுக்கச் சொல்லுங்க. காத்தைக் கொறச்சுக் கொடுங்க."

இவர் அந்த ஆளிடம் திரும்பி ஏதோ பேசினார். ஹிந்தியில் பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்து வந்தார்.

"கெட்டித் தரையிலயே ஓட்டுறேன்ட்டாரு! அஞ்சு எடுக்குறாரு. நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் புள்ள?"

"நான்தான் அங்க இல்லையே மச்சான்" என்றேன்.

அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டார்கள். காதில் விழுந்ததோ என்னவோ, பிறகு பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.